ஒரு பஸ்ஸுக்கு ஒரு கை

கல்லூரியை விட்டு வெளியே வந்து பாதி தூரம் நடந்துவிட்டேன். திருத்தணிக்குள் போகிற அந்த ரோட்டில் பகல் நேரத்தில் நிழல் கிடையாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று தூசியைக் கிளப்பிவிட்டுக் கடந்தது. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமலே அது அக்கா என்று தெரியும். அவ்வளவு தூரம் என் பின்னால் வருவதற்கு வேறு யாரும் இல்லை.

"டேய் நைனா, நில்லு."

நான் நிற்கவில்லை.

"சரி, நிக்க வேணாம். மெதுவாவாவது நட. எனக்கு மூச்சு வாங்குது."

மெதுவாக நடந்தேன். அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திரும்பி வா. பிரின்சிபால் இன்னும் ரூம்லதான் இருக்காரு. உள்ள போய்ப் பேசு. நான் வாசல்ல நிக்கறேன்."

"நீயே பேசு யக்கா. எனக்காக ஒரு தடவ. ஒரே ஒரு வார்த்தை."

"அது மட்டும் முடியாது."

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 'அது மட்டும் முடியாது' என்பதற்குள் அடங்கிவிடும். இன்றுவரை அது நல்ல குணமா, கல் நெஞ்சா என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவளைக் கேட்க அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது என்பது மட்டும் தெரியும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், நெல்லூர் என்று சுற்றினேன். கம்பெனியில் வேலை செய்தேன், கோழிப்பண்ணையில் செய்தேன், லாரியில் போனேன். எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. கடைசியில் பொதட்டூர்பேட்டையில் இருந்த சித்தப்பா, "ராத்திரி தறி ஓட்டு, பகல்ல காலேஜ் போ, சோறு போடறேன்" என்றார். சரி என்று வந்தேன். என் வகுப்பில் எல்லாரையும்விட எனக்கு வயது அதிகம். அக்கா கடைசி வருஷம். கணக்குப் பார்த்தால் என்னைவிட ஒரு வயது சின்னவளாகக்கூட இருப்பாள். ஆனால் முழுக் கல்லூரியும் அவளை அக்கா என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன்.

அவளோடு டீ குடிக்கப் போவது பெரிய தொல்லை. நாலு பேர் போனால் வேறு யாராக இருந்தாலும் "நாலு டீ" என்பார்கள். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஒவ்வொருத்தராகத் திரும்பி, "உனக்கு டீயா, வேற ஏதாவதா? சக்கர போடலாமா?" என்று கேட்பாள். கடைக்காரர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவர், "ஏம்மா, டீக்கே இத்தினி விசாரணைன்னா உனக்கு மாப்ள பாக்கறப்ப இன்னா பண்ணுவ?" என்றார். அவள் சிரிக்காமல், "மாப்ளையையும் கேப்பேன்ணா" என்றாள்.

யாராவது அவளுக்கு போன் செய்து, பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பற்றி, "அவ கல்யாணத்துக்கு வருவாளா?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் போனை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவாள். ஆடிக் கிருத்திகைக்கு அவள் மலை ஏறப் புறப்பட்டபோது ஒரு தோழி, "எனக்கும் சேத்து வேண்டிக்கோ யக்கா" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவதுதான். அக்கா படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டாள். "இன்னான்னு வேண்டிக்கணும்? சரியா சொல்லு." காவடியும் கூட்டமும் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போகின்றன. அந்தப் பெண் வெட்கப்பட்டு நெளிகிறாள். விஷயம் ஒரு பையனைப் பற்றியது. கடைசியில் காதில் சொன்ன பிறகுதான் அக்கா முதல் படியில் கால் வைத்தாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு.

கேன்டீனில் ஒருநாள் சாம்பார் புளித்துப் போயிருந்தது. முதல் வருஷப் பையன் ஒருவன் அக்காவிடம் வந்து, "நீ போய்ச் சொல்லு யக்கா, நீ சொன்னா கேப்பாங்க" என்றான். அவள் எழுந்து அவனை அழைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். பக்கத்தில் நின்றாள். வாயே திறக்கவில்லை. கேன்டீன்காரர், "இன்னாப்பா?" என்று அதட்டலாகக் கேட்டார். அந்தப் பையன் அக்காவைப் பார்த்தான், கேன்டீன்காரரைப் பார்த்தான். "சாம்பார் நல்லா இருக்குதுண்ணா" என்றான். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, தன் தட்டில் இருந்த புளித்த சாம்பாரைச் சாப்பிட்டு முடித்தாள். நான் கேட்டேன், "உனக்கும்தானே புளிச்சிது, நீ சொல்ல வேண்டியதுதானே?" "எனக்குப் புளிக்கல. எனக்கு அந்த அளவு புளிப்பு புடிக்கும்" என்றாள். உண்மையாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொரு நாள் என் வகுப்பையும் அக்கா வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் மேஜையில் தலை கவிழ்ந்து படுத்திருந்தாள். வயிற்று வலி என்று பார்த்தாலே தெரிந்தது. பாடம் எடுத்தவர், "தூங்கறதுக்கு வீட்ல எடமில்லியா?" என்று கத்தினார். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் எழுந்து போய்க் குனிந்து, அந்தப் பெண்ணின் காதருகே, "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள். அக்கா நிமிர்ந்து பேசாமல் நின்றாள். "நீ இன்னாத்துக்கு நடுவுல வந்த?" என்றார் அவர். இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். வேப்பமரத்தடியில் அந்தப் பெண் அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவள் வீடு பள்ளிப்பட்டுப் பக்கம். நிலம் இருந்தது, மாடு இருந்தது. ஒரு தடவை போயிருக்கிறேன். நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளைப் பற்றி அவளைத் தவிர எல்லாரும் பேசினார்கள். "எங்க பொண்ணுக்கு வெயிலு ஒத்துக்காது" என்றார் அம்மா. "அவளுக்கு பேங்க் வேலைன்னா உசுரு" என்றார் அப்பா. அவளுடைய அக்கா புருஷன், அவள் பாவா என்று கூப்பிடுகிறவர், கல்லூரியில் சேர்க்கிற அன்று, "இவளுக்கு காமர்ஸ்தான் சார் புடிக்கும்" என்று சொல்லி சீட் வாங்கிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னார். அவள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது, "உனக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டேன். "யாரும் கேக்கல. அதனால யோசிக்கல" என்றாள். அவள் குணத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தி வளர்வதில்லை.

அந்த வருஷம்தான் சங்கம் வந்தது. நாடு முழுக்கக் கல்லூரிகளில் இருக்கிற ஒரு மாணவர் சங்கம். கட்சிக் கொடி கிடையாது. மாணவர்களின் குறைகளைப் பல்கலைக்கழகத்திடமும் அரசாங்கத்திடமும் எடுத்துப் பேசுவது அதன் வேலை. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் இரண்டு மாணவர்கள் வந்து விளக்கினார்கள். தனித்தனி ஆளாகச் சேர முடியாதாம். கல்லூரி முழுசாக ஓர் உறுப்பாகச் சேர வேண்டும். அதற்கு மாணவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கிச் சம்மதம் சொல்ல வேண்டும்.

"சேர்ந்துட்டீங்கன்னா உங்களுக்காக நாங்க பேசுவோம்" என்றான் ஒருவன்.

அக்கா எழுந்தாள். "எங்களைக் கேட்டுட்டுப் பேசுவீங்களா, கேக்காமயா?"

அவன் சிரித்தான். ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆளை அனுப்பலாம், அவர்களைக் கேட்காமல் எதையும் எழுதுவதில்லை என்றான். அவள் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து எல்லாரிடமும் சம்மதம் கேட்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

எங்களுக்கு அந்தச் சங்கம் உடனே தேவைப்பட்டது. பொதட்டூர்பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் வருகிற காலை பஸ்கள் முதல் மணி அடித்த பிறகுதான் கல்லூரி வாசலுக்கு வரும். கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இரண்டாவது வகுப்புக்குத்தான் விடுவார்கள். தினமும் பாதி நாள் வருகை போய்விடும். வருகை குறைந்தவர்களுக்குப் பரீட்சை எழுத ஹால் டிக்கெட் கிடையாது என்று அந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் மொத்தமும் மாட்டினோம். அக்காவும்தான். கல்லூரி சங்கத்தில் சேர்ந்துவிட்டால் இதைத்தான் முதலில் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போவோம் என்று சென்னை மாணவர்கள் உறுதி சொன்னார்கள்.

அக்கா எல்லாரையும் தனித்தனியாகக் கேட்டாள். பஸ்ஸில், மரத்தடியில், லைப்ரரிப் படியில். "உனக்கு இது வேணுமா, வேணாமா? எனக்காக சொல்லாத." பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவர் விடாமல் வேணும் என்றார்கள். டவுன் பிள்ளைகளிலும் ரயிலில் வருகிறவர்களிலும் பாதிப் பேர் வேணும் என்றார்கள். சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேலேயே வரும். பிரின்சிபால், "ஒரு தடவதான். இந்த வருஷத்துக்கு ஒரே தடவ. பாதிக்கு மேல வந்தா கையெழுத்து போடறேன்" என்றார்.

அரைநாள் கல்லூரி இருந்த ஒரு சனிக்கிழமை, கடைசி மணிக்கு முன்னால் எல்லாரும் மைதானத்தில் கூடினோம். யாரும் சொல்லாமலே பஸ் பஸ்ஸாக உட்கார்ந்தோம். சென்னை மாணவன் மைக்கில் பேசினான். பொருளாதார சார் எண்ணுவதற்கு நின்றார். "சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

டவுன் பிள்ளைகள் பக்கம் கைகள் எழுந்தன. பொதட்டூர்பேட்டை பஸ் பக்கம் ஒரே ஒரு கை எழுந்தது. படிப்பில் எங்களுக்கு மூத்தவன், கடைசி வருஷம். பள்ளிப்பட்டு பஸ்ஸிலும் ஒரே கை. மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தோம். நானும் அப்படித்தான்.

எங்களுக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. தறிக்காரத் தெருக்களில் கூட்டம் போட்டால், திருவிழாவோ தண்ணீர்க் குழாயோ, ஒரு வீட்டுக்கு ஒரு கைதான். பெரியவர் தூக்குவார், அந்தக் கைக்குள் வீடே அடக்கம். இரண்டாவது கை எழுந்தால் அந்த வீட்டில் சண்டை, சோறு வேறாகிவிட்டது என்று அர்த்தம். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலும் அப்படித்தான். சித்தப்பா வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. அவன் கை தூக்கிய பிறகு நானும் தூக்கினால் அவனை அவமானப்படுத்தியதாகும். வேணும் என்றுதான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மேடைப் பக்கம் நின்ற அக்காவின் கை மட்டும் தனியாக எழுந்திருந்தது. பள்ளிப்பட்டு பஸ்ஸில் வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்ததையும் கவனித்தேன்.

மணி அடித்தது. எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். மைதானம் காலியாகிவிட்டது. கேன்டீனிலிருந்து தூக்கி வந்த பெஞ்சைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் நான் மட்டும் நின்றேன்.

"பாதிக்கு வரலியேம்மா" என்றார் பொருளாதார சார்.

அக்காவுக்கும் புரியவில்லை, அவளை எந்த ஊர்க் கூட்டத்துக்கும் வீட்டில் அழைத்துப் போனதில்லை. நான்தான் போய் ஒரு பஸ்ஸுக்கு ஒரு கை என்ற கதையை விளக்கினேன். சார் தலையில் அடித்துக்கொண்டார். சென்னை மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி" என்றார் சார். நல்ல மனுஷன், பசியில் இருந்தார். "நீதானே எல்லாரையும் கேட்டுக்கினு திரிஞ்ச? பஸ்காரங்க எல்லாரும் சரின்னு சொன்னாங்களா? நீ ஆமான்னு சொல்லு, சேத்து எழுதிட்டுக் கெளம்பறேன்."

எவ்வளவு சுலபம்! நான் பெருமூச்சு விட்டேன். அக்கா காலி மைதானத்தைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை அவங்களையே தூக்கச் சொல்லலாமா சார்?"

"ஒரு தடவதான்னு பிரின்சிபால் சொன்னது உனக்குக் கேக்கலியா?"

"போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"போன்ல கை தூக்குவாங்களா? பஸ்ஸு பஸ்ஸா போன் போட்டு உக்காந்திருக்க எனக்கு நேரமில்லம்மா. நீ சொன்னா போதும்னு சொல்றேனே!"

"எங்கிட்ட சரின்னு சொன்னாங்க சார். அது அன்னிக்கி. இன்னிக்கி அவங்க மனசுல இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"யக்கா!" என்று கத்தினேன். "கை தட்டிக்கினு போறாங்க, தெரியாதுன்ற!"

"தட்டனாங்க. தூக்கல."

"என் கையையாவது சேத்துக்கோங்க சார், நான் இங்கதான் நிக்கறேன்" என்றேன். சார் என் கையைச் சேர்த்துக்கொண்டார். போதவில்லை. சென்னை மாணவர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்கள்.

பெஞ்சை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

"அவங்க மாறிடுவாங்கன்னு நெனக்கிறியா?" என்று கேட்டேன்.

"மாற மாட்டாங்க."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"மாற மாட்டாங்கன்றது என் நெனப்பு, நைனா. அதை அவங்க கைன்னு எப்படி எழுதச் சொல்றது?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். பெஞ்சைக் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் மூத்தவன், "எங்களுக்காக ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வலிக்குதா? இத்தினி பேர் பரீட்சைய தின்னுட்டியே!" என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு தனியாகப் பிரின்சிபால் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது. "சார், பஸ்தான் லேட்டு. நான் லேட்டு இல்ல. நான் வெயில்ல கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு இருந்தேன்" என்று அவள் சொன்னது எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஹால் டிக்கெட்டுக்கான கையெழுத்தோடு வெளியே வந்தாள்.

"தனக்குன்னா மட்டும் வாய் வருது பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

"ஆங். எனக்கு நான் பேசனேன். நீங்களும் போங்க. ஒவ்வொருத்தரா போங்க. நான் இங்கியே நிக்கறேன்."

அவள் மேல் இருந்த கோபத்திலேயே ஒருவன் உள்ளே போனான். அப்புறம் இன்னொருவன். பிரின்சிபால் அறையை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். சிலர் கையெழுத்தோடு வந்தார்கள், சிலர் வெறுங்கையோடு. வெறுங்கையோடு வந்த ஒருத்திகூட, "நான் கேட்டேன்பா, மூஞ்சிக்கு நேரா கேட்டேன்" என்று சிரித்தாள். அது எனக்கு விளங்கவில்லை. ஹால் டிக்கெட் கிடைக்காதவளுக்கு எதற்குச் சிரிப்பு?

என் முறை வந்தது. நான் உள்ளே போகவில்லை. என் வருகைக் குறைவில் பஸ் பாதி, தறி பாதி. சித்தப்பாவுக்கு ஆள் இல்லாத நாட்களில் பகலிலும் நான்தான் ஓட்டினேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தால் அதுவும் பஸ் கணக்கில் போயிருக்கும். தனியாக நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. திரும்பி நடக்க ஆரம்பித்தேன். ஹால் டிக்கெட் இல்லாமல் சித்தப்பா வீட்டுக்குப் போனால் பகலும் தறிதான், ராத்திரியும் தறிதான்.

அப்படித்தான் அந்த ரோட்டுக்கு வந்தேன்.

"தறி ஓட்டனேன்னு சொல்லு" என்றாள் அக்கா. "அது ஒண்ணும் தப்பில்லியே?"

"நீ சொன்னா அழகா இருக்கும். நான் சொன்னா பிச்ச கேக்கற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். கேளு."

"எனக்கு இன்னா வேணும்னு நீ நெனக்கிற?" என்று கேட்டேன். அவள் வாயால் ஒரு தடவையாவது என்னைப் பற்றி ஒரு முடிவு வருமா என்று பார்த்தேன்.

"தெரியலடா" என்றாள். "நீ எங்கியும் இருக்கணும்னு நெனக்கிறியா, இல்லியான்னே எனக்குத் தெரியல."

பஸ் ஸ்டாண்டு தெரிகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். நான் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் வரவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

ரயில்வே ஸ்டேஷனில் படுத்து எழுந்தேன். காலையில் திருப்பதி ரோட்டில் இருந்த ஓர் ஓட்டலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. எனக்கு முன்னால் ஒருவர் தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். பையில் தெலுங்கு எழுத்து இருந்தது, ஆந்திராப் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். முதலாளி வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நீ இன்னா பண்ணுவ?"

"எந்த வேலையா இருந்தாலும் செய்வேன்ணா" என்றேன்.

"அவுரு?"

அந்த ஆள் வாய் திறக்க நேரமெடுத்தார். தமிழ் வராது போலிருக்கிறது, பாவம், வேலை போய்விடும் என்று எனக்குப் பதறியது. "அவரும் அப்படித்தாண்ணா, எது குடுத்தாலும் செய்வாரு" என்றேன்.

"ரெண்டு பேரும் பின்னாடி போங்க. பாத்திரம் கெடக்குது."

பின்பக்கம் குழாயடியில் அண்டாக்கள் குவிந்திருந்தன. அவர் பையைச் சுவரோரம் வைத்தார். அதிலிருந்து ஒரு சுத்தமான வெள்ளை முண்டா பனியனும், துணியில் சுற்றிய நீளமான தோசைத் திருப்பியும் எட்டிப் பார்த்தன.

"நான் பரோட்டா மாஸ்டர்" என்றார். தமிழ் நன்றாகவே வந்தது. "இங்க மாஸ்டர் இல்லன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

"சொல்லியிருக்கலாமேண்ணா?"

"அதான் நீ சொல்லிட்டியேப்பா" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அண்டாவை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.